தமிழ் அலமாரிப் பக்கத்து மேசை

அன்பான அப்பாவுக்கு,

முட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

கல்லூரி நூலகத்தில் இப்போது தமிழ் அலமாரி என் பொறுப்பு. எல்லாம் இங்கே பக்கத்தில் வலியசாலையில் காலமான, மூக்குப்பொடி போடும் ஒரு பேராசிரியரின் புத்தகங்கள். வீட்டார் அவருடைய மேசையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. ஆனாலும் காலையில் மேசைமேல் புதிதாக மூக்குப்பொடி சிந்திக் கிடக்கும். தும்மிக்கொண்டே துடைப்பேன்.

"சாரு வாயிச்சிட்டுப் போயிருப்பாரு மோளே, பேடிக்காத" என்று, பேராசிரியரே வந்து படித்துவிட்டுப் போனதாகச் சொல்லி, கூட வேலைபார்க்கும் ராஜபாய் அக்கா சிரிப்பார்.

பயமில்லை அப்பா. துடைக்கும்போது நம் வீட்டுக் கதையெல்லாம் சொல்வேன். இங்கே அவர் மட்டும்தான் பொறுமையாகக் கேட்கிறார்.

மாமா வரும்போது என் போர்வையையும் ஒரு டப்பா மூக்குப்பொடியையும் கொடுத்துவிடுங்கள். ஒரு வாரமாக அந்த மேசை சுத்தமாகவே இருக்கிறது.

பூட்டும் நேரமாகிவிட்டது.

உங்கள்
ஆர்ஷா