மன்றத்தில் மிஞ்சியது

மார்ச் 3, திங்கள்

விடியலிலிருந்து மழை. துணி காயவில்லை. ஜெலுத்தோங் பசாரில் மீன் விலை கொள்ளை, கீரையோடு திரும்பினேன்.

வீட்டுக்காரருக்கு அடுத்த மாதம் தலைத்திவசம். அதற்குள் அவர் இணைய மன்றத்தில் எழுதியதையெல்லாம் அச்செடுத்து, புத்தகமாகக் கட்டி, பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசை. பிறை டவுனில் ஃபேக்டரி வேலை முடித்து வந்து, குளித்த ஈரம்கூடக் காயாமல் உட்கார்ந்து பத்து வருடம் தட்டியது. இன்று திறந்தேன். அவர் பெயர் இருக்கிறது. தேதி இருக்கிறது. எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி. வரிவரியாக.

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் குமாரிடம் காட்டினேன். மன்றத்தின் பழைய தமிழ் எழுத்துக்குத் தனிக் குறியீடாம். யூனிகோடுக்கு மாற்றும்போது அதைச் சரியாகச் சொல்லாமல் விட்டால், தெரியாத எழுத்தையெல்லாம் கேள்விக்குறியாக்கிவிடுமாம்.

“கோணல்மாணலா வந்திருந்தா திருப்பிடலாம்க்கா. கேள்விக்குறி ஆயிட்டா உள்ள ஒண்ணுமே இல்ல லா. பழைய காப்பி இருக்கான்னு அட்மின கேளுங்க.”

கேஸ் தீர்ந்துவிட்டது. நாளை சொல்ல வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

மன்றத்தை நடத்துபவர் புக்கிட் மெர்தாஜாம்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். போன் செய்தேன். அவரேதான் மாற்றினாராம்.

“புதுசு நல்லா ஓடுது, பழசு எதுக்குன்னு அழிச்சிட்டேன் தங்கச்சி. அதெல்லாம் இப்ப யாரு படிக்கிறா?”

வாத்தியாருடைய சொந்தக் கவிதைகள்? அவை மட்டும் வீட்டில் தனியாக, பத்திரமாக. யாராவது ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினால் விடமாட்டார், அதை நீக்கிவிட்டு எல்லார் முன்னாலும் கண்டிப்பார். தமிழைக் காப்பாற்றுகிறாராம். நன்றாகக் காப்பாற்றினார். குரலில் துளி வருத்தம் இல்லை. வைக்கும்போது சாப்பிட்டாச்சா என்று வேறு கேட்டார்.

மார்ச் 8, சனி

வெயில். துணி காய்ந்தது. தலையணை உறை இன்னமும் இரண்டு.

குமாரிடமிருந்து மெசேஜ். ஆங்கில எழுத்துக்கு எந்தக் குறியீட்டிலும் சேதமில்லை, அப்படித் தட்டியது ஏதாவது இருந்தால் தப்பியிருக்குமாம். மதியம் முழுக்கத் தேடினேன். அவருடையது ஒன்றே ஒன்று, மன்றத்தில் சேர்ந்த புதிதில் ஆங்கில எழுத்தில் தட்டியது. அதற்கு மேலே வாத்தியார் கண்டித்தது, கேள்விக்குறி. கீழே பத்து வருடம், கேள்விக்குறி. நடுவில் இது மட்டும், இங்கே தமிழ் எழுத்தில் எழுதிவைக்கிறேன்:

“மன்னிச்சிடுங்க அண்ணே. இனிமே தமிழ் எழுத்துலயே எழுதுறேன்.”

சொன்னபடியே எழுதினார்.