தார்ப்பாய்க்குக் கீழே இருந்த பிள்ளை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். உன் சாப்பாடும் தூக்கமும் எப்படி என்று எழுது. அப்பாவுக்கு முழங்கால் வலி விடவில்லை. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், இவர் அதைக் கேட்டுவரவே வண்டி வைத்துக்கொண்டு போனார். உன் தங்கை மறுபடி வேலை மாறிவிட்டாள், புது முதலாளியையும் பிடிக்கவில்லையாம். முதலாளி என்றாலே அவளுக்கு ஆகாது, என்னையும் சேர்த்துத்தான்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே கடையில் புதிதாகச் சேர்ந்த தையல்காரி பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள், அதனால்தான். வெள்ளத்தில் நீ எடுத்த படம், மேட்டில் தார்ப்பாய்க்குக் கீழே ஒற்றையாய் உட்கார்ந்திருக்கும் பையன், கண்காட்சியில் உனக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே, அதைப் பெரிதாக்கி அனுப்பினாய் அல்லவா. பாயின் ஓரத்தில் சிவப்பு நூல் இரட்டைத் தையலைப் பார்த்ததுமே நம் கடையில் தைத்து விற்ற சரக்கு என்று தெரிந்துவிட்டது. கடையில் எதிர்ச்சுவரில் மாட்டினேன். வருகிறவர்களிடம் அளவுகோலால் தையலைத் தொட்டு, அந்தக் காற்றுக்கே பிரியவில்லை பாருங்கள் என்பேன். சும்மா சொல்லக்கூடாது, படத்தைப் பார்த்து ஜனங்கள் இரக்கப்பட்டார்கள், தர்மம் செய்கிறவர்கள் நம்மிடமே வாங்கினார்கள், சரக்கு நன்றாக நகர்ந்தது. பையன் முகத்தை நான் சரியாகப் பார்த்தேனா என்று கேட்காதே.

போன மாதம் தையலுக்கு ஒருத்தியைச் சேர்த்தேன். வெள்ளத்தில் வீடு போய் இந்தப் பக்கம் வந்தவள். லாரியில் ஏற்றும்போது சின்னவன் கை நழுவிவிட்டதாம், அடுத்த லாரியில் வருவான் என்று யாரோ சொன்னதை நம்பி முகாம் முகாமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். வேலை சொல்லிக்கொடுக்க அவளைப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, தையல் இப்படி வரவேண்டும் என்று கோலை நீட்டினேன். அவள் தையலைப் பார்க்கவில்லை. கத்தவும் இல்லை, அழவும் இல்லை. “அம்மா, சட்டையில மேல் பட்டன் இல்ல பாருங்க, அது எம் பையன்தான்” என்றாள்.

அன்றிலிருந்து ஒரே கேள்விதான், படம் எடுத்த தம்பி அப்புறம் அவனை யாரிடம் விட்டாராம் என்று. கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறேன். நீ அன்றைக்குப் போனில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. படகில் இடம் இல்லை, வெளிச்சமும் போய்விட்டது, மறுநாள் போய்ப் பார்த்தால் அந்த மேடே தண்ணீருக்கடியில் என்றாய். உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. படகுக்காரன் பேச்சை மீறி நீ என்ன செய்திருக்க முடியும். நாலு பேர் பார்த்தால் நாலு பேருக்கு வழி பிறக்கும் என்று நம்பித்தான் எடுத்தாய், மற்றவர்களுக்குப் பிறந்தும் இருக்கலாம். இவளுக்கு என்ன சொல்வது? பத்து வருஷம் உழைக்கும் என்று எத்தனை பேர் தலையில் பாயைக் கட்டியிருக்கிறேன், இதற்கு ஒரு பொய் வாயில் வரமாட்டேன் என்கிறது.

படத்தைக் கழற்றப் போனேன், விடவில்லை. “இருக்கட்டும், இதுலயாவது நனையாம இருக்கான்” என்கிறாள். இப்போது இரண்டு தையல் போடவேண்டிய இடத்தில் மூன்று போடுகிறாள். நூல் வீணாகிறது என்று சொல்ல எனக்கு வாயில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீரில் இறங்கும் வேலை வேண்டாம். எங்கிருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது, என் ஆசி உன் கூடவே இருக்கும். அவள் கேட்கிற அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது, உனக்குத் தெரிந்ததை அப்படியே. இருக்கலாம், பிழைத்திருக்கலாம் என்றெல்லாம் எழுதாதே. அவளுக்குப் படிக்கத் தெரியும், உன் கடிதத்தை அவள் கையிலேயே கொடுக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா