இன்று விடைபெறுவது

மார்ச் 3, திங்கள்

இன்று போனைச் சுத்தம் செய்தேன். வெளியே இல்லை, உள்ளே. துணி விற்கிற பக்கங்கள், பாத்திரம் விற்கிற பக்கங்கள், முன்பின் தெரியாத பெண்களின் பளபளக்கும் வரவேற்பறைகள் என்று எல்லாவற்றையும் பின்தொடர்வதை நிறுத்தினேன். ஒவ்வொன்றும் போகும்போது "நிச்சயமாகவா?" என்று கேட்டது. நிச்சயமாத்தான் தாயே, ஆளை விடு.

காரணம் காய் நறுக்கும் கருவி. நேற்று பார்சல் வந்தது. வைக்க இடம் தேடி மேல்தட்டைத் திறந்தால் அதே கருவி, அதே நிறம், பிரிக்காத பெட்டியில். போனில் பார்த்து, போனிலேயே வாங்கி, வாங்கியதையே மறந்திருக்கிறேன். தனியாக நின்றபோதும் வெட்கமாக இருந்தது.

இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்று, நாள்தோறும் ஒரு படம் போடுகிற என் பக்கம். இன்னொன்று, எங்கள் வட்டாரத்து 'எடுத்துக்கோங்க' குழு. வேண்டாததைப் படம் போட்டால் வேண்டியவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். காசு கிடையாது.

மகளுக்கு நான் வைத்த பெயர் வக்கீல். எதற்கும் கைவசம் ஒரு எதிர்வாதம் வைத்திருப்பாள். ஒரு துண்டுத்தாளில் 'எதுக்கு?' என்று எழுதி என் போனின் முதுகில் ஒட்டிவிட்டாள். "எடுக்கிறப்பல்லாம் இதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் திறம்மா." நல்ல யோசனைதான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் தெரியாமல் ஆடுவாள்.

மார்ச் 8, சனி

பிரிக்காத கருவி போய்விட்டது. மேல்தட்டில் கை நுழைகிறது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு சந்தோஷமா?

மார்ச் 14, வெள்ளி

எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க நான் சொல்வது ஒன்றுதான். "சங்கிலி, வாட்ச், பெல்ட் எல்லாத்தையும் கழட்டி இந்தத் தட்டுல வைங்க." உலோகம் இருந்தால் எலும்பை மறைக்கும். மறைப்பதை எடுத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

இன்று ஒரு கைவிளக்கை என் பக்கத்தில் படம் போட்டு, அடியில் இதை எழுதினேன். பக்கத்துக்கே 'இன்று விடைபெறுவது' என்று பெயரும் வைத்தேன். பிறகு அதைக் குழுவில் கொடுத்தேன். மதிய இடைவேளையில் பார்த்தால் இதயங்கள், கைதட்டல்கள். 'உங்கள் வரிகள் என்னை யோசிக்க வைத்தன' என்று யாரோ ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். இத்தனை வருஷமாக இதையே சொல்கிறேன், ஒரு நோயாளியும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 22, சனி

படத்துக்குப் பின்னால் விரிக்க ஒரு வெள்ளைத் துணி வாங்கினேன். ஒரு சின்ன மேசை விளக்கும்.

வக்கீல்: "பொருளைக் குறைக்கிறதுக்குப் பொருள் வாங்கின மொத ஆள் நீதாம்மா."

கோபம் வந்தது. குளியலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 29, சனி

கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. 'அடுத்தது என்ன?' என்று கேட்கிறார்கள். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கண் போய் நின்ற இடம் சன்னலோர நாற்காலி.

கண்ணை உறுத்துகிற பொருள் அது. ஒரு கைப்பிடி உடைந்து கம்பியால் கட்டியிருக்கிறது. மெத்தை நடுவில் குழி. என் வீட்டுக்காரர் எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. பஸ் ஓட்டி முடித்து வந்ததும் நேரே அதில் விழுவார். ஷூவைக் கழற்றுவார், காலுறையைச் சுருட்டி நாற்காலிக்கடியில் தள்ளுவார். அதைக் குனிந்து எடுப்பது என் தலையெழுத்து. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

நாற்காலி இல்லையென்றால் காலுறை எங்கே போகும்? கூடைக்குத்தானே போக வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

கொடுத்துவிட்டேன். ஓர் இளம்பெண் கணவனோடு வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அய்யோ, எவ்வளவு சுகமா இருக்குக்கா!" என்றாள். இதுவரை போட்டதிலேயே அதிகமான இதயங்கள் இன்றுதான்.

சாயங்காலம் அவர் வந்தார். பையோடு சன்னல் பக்கம் போனார், நின்றார்.

"நாற்காலி?"

"குடுத்துட்டேன். உடைஞ்சதுதானே? உங்களைக் கேக்கணும்னுதான் இருந்தேன்..."

பொய். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

"சரி, விடு" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று ஷூவைக் கழற்றினார். கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

ஏப்ரல் 5, சனி

தரையில் காலுறை இல்லாத வீடு! படம் எடுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்றும் தாமதம். கேட்டால் "வழியில நெரிசல்" என்கிறார். செருப்போடு வருகிறார், ஷூ பையில் இருக்கிறது. வந்ததும் சாப்பாடு, அப்புறம் படுக்கை. வக்கீல் ஏதோ பள்ளிக்கூடக் கதை சொன்னாள், 'ம்' கொட்டினார். முன்பெல்லாம் அந்த நாற்காலியின் கைப்பிடியில் தொற்றிக்கொண்டு அவரோடு மணிக்கணக்கில் வாதாடுவாள். நல்ல கைப்பிடி அவளுக்கு, கம்பி கட்டியது அவருக்கு.

என்ன ஆயிற்று இந்த மனுஷனுக்கு? என்னிடமிருந்து எதையாவது மறைக்கிறாரா?

ஏப்ரல் 16, புதன்

இன்று மணிக்கட்டு வீங்கி ஒருவர் வந்தார். என் வீட்டுக்காரரின் பணிமனையில் பஸ்கள் வந்துபோகும் நேரம் குறிப்பவர்தான். வாட்சைக் கழற்றிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"உங்க வீட்டுக்காரர் கொடுத்துவெச்சவரும்மா. நாங்கல்லாம் வேலை முடிஞ்சா ஓட்டமா ஓடுவோம். அவரு வண்டியை ஓரங்கட்டிட்டு உள்ளேயே உக்காந்திருப்பாரு. ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு, சும்மா. கொஞ்ச நாளா இதே கதைதான். வீட்டுல சண்டையான்னுகூடக் கேட்டோம், சிரிக்கிறாரு."

"கையை அசைக்காதீங்க" என்றேன். அவர் அசைக்கவில்லை, நான்தான் அளவை மாற்றி வைத்துவிட்டேன். படம் சரியாக விழவில்லை, மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

வேலை முடிந்து பணிமனைக்குப் போனேன். வரிசையின் கடைசியில் அவருடைய பஸ். ஓட்டுநர் இருக்கையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார், கால் வெறுங்காலாக முன்தட்டின் மேல். போன்கூடக் கையில் இல்லை. நான் படியேறிய சத்தத்தில் விழித்துக்கொண்டார். திடுக்கிட்டது ஒரு நொடிதான்.

"டிக்கெட் எடுத்தியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன் இருக்கையில் உட்கார்ந்தேன். "ஏங்க இங்க உக்காந்திருக்கீங்க?"

காலைக் கீழே இறக்கினார். பிறகு என்னைப் பார்க்காமல், "நாள் முழுக்க அத்தனை பேரை ஏத்தி இறக்குறேன். முடிஞ்சதும் கொஞ்சம் உக்காந்தாத்தான் மனுஷனா வீட்டுக்குள்ள நுழைய முடியுது. முன்ன வீட்டுல உக்காந்தேன். இப்ப அங்க எனக்குன்னு ஒரு சீட் இல்ல. இங்க ஒண்ணு இருக்கே" என்றார்.

குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டத் தெரியாத ஆள். அதனால்தான் தாங்க முடியவில்லை. அழுதுவிட்டேன். "ஏய், இதுக்கெல்லாமா" என்று கைக்குட்டையை நீட்டினார். டீசல் வாடை.

மறைப்பதை எடுத்தால் உள்ளே இருப்பது தெரியும் என்று ஊருக்கெல்லாம் எழுதினேனே. நான் எடுத்தது மறைத்த பொருளையா? எலும்பையே உருவியிருக்கிறேன். அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கேட்கலாமா என்று குழுவில் அவள் பக்கத்தைத் திறந்தேன். நன்றி சொல்லிப் படம் போட்டிருந்தாள். அதே நாற்காலி, கம்பி கட்டிய கைப்பிடி. அவள் மடியில் குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது. 'இதில் உட்கார்ந்தால்தான் இவன் தூங்குகிறான்' என்று எழுதியிருந்தாள்.

மூடிவிட்டேன். எந்த வாயால் கேட்பது?

ஏப்ரல் 19, சனி

போனின் முதுகில் 'எதுக்கு?' பாதி அழிந்திருக்கிறது. இத்தனை நாளும் அதன் மேல்தான் விரல் வைத்துப் பிடித்திருக்கிறேன், படிக்கவேயில்லை.

எதுக்கு? வீட்டில் மூச்சுவிட இடம் வேண்டும் என்றுதான் தொடங்கினேன். மூச்சு யாருக்கு?

'இன்று விடைபெறுவது' பக்கத்தை மூடினேன். "நிச்சயமாகவா?" என்று இதுவும் கேட்டது. கை கொஞ்சம் தயங்கியது, அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். வெள்ளைத் துணியைத் துவைத்துப் படுக்கையில் விரித்தாயிற்று. விளக்கு வக்கீலுக்கு.

குழுவில் மட்டும் இருக்கிறேன். கொடுத்தே பழகியவள் இன்று முதல்முறையாகக் கேட்டேன்: 'சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி வேண்டும். பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பஸ் டிரைவர் தினமும் உட்காருவார். கைப்பிடியில் ஒரு பெண்ணும் உட்காருவாள், அதனால் பலமாக இருக்க வேண்டும்.' படம் போடவில்லை. போட என்ன இருக்கிறது, சன்னலோரம் காலியாக இருக்கிறது.

ஏப்ரல் 21, திங்கள்

யாரும் பதில் போடவில்லை. மதிய இடைவேளையில் ஒருமுறை பார்த்தேன், மூடினேன்.

ஏப்ரல் 24, வியாழன்

பக்கத்துத் தெருத் தையல்காரரிடமிருந்து செய்தி. 'கடையில் வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலி ஒன்று இருக்கிறது. ஒரு கால் கொஞ்சம் ஆடும். பச்சை நிறம், யாருக்கும் பிடிக்காது. பரவாயில்லையா?'

தாராளமாக!

இந்தமுறை முதலில் வீட்டுக்காரரைக் கேட்டேன். "போய் உக்காந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 26, சனி

நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தெருவழியே தூக்கி வந்தோம். பாதி வழியில் கை வலிக்கிறது என்று கீழே இறக்கினேன். இறக்கியதுதான் தாமதம், நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஸ்பிரிங் ஒண்ணு குத்துது" என்றார். எழுந்திருக்கத்தான் மனமில்லை.

ஆடுகிற காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தோம். வக்கீல் கைப்பிடியில் ஏறிக் குதித்துச் சோதித்தாள். "ஏற்றுக்கொள்ளப்படுகிறது" என்று தீர்ப்பு. பச்சை நிறம் உண்மையிலேயே சகிக்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

நான் வீட்டுக்கு வரும்போதே சன்னலோரம் பேச்சுச் சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் வந்துவிட்டிருக்கிறார். பூனை பள்ளிக்கூடத்துக்கு வரலாமா கூடாதா என்று வக்கீல் வாதாடுகிறாள், அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பையை வைத்துவிட்டுப் பார்த்தேன். நாற்காலிக்கடியில் சுருட்டிய காலுறை இரண்டு. எடுப்பதற்குக் குனிந்தேன்.

கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு டீ போடப் போனேன்.