மூன்றாம் பக்கத்தில் துரை

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாகப் போர்த்திக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். துரை எப்படி இருக்கிறான் என்றுதான் உன் கண் இந்தத் தாளில் முதலில் தேடும். அந்தக் கிழட்டுக் கொண்டைக்கிளியின் சங்கதி மூன்றாம் பக்கத்தில் வருகிறது, நீ புரட்டிப் பார்க்கக் கூடாது. முதல் இரண்டு பக்கமும் உன்னைப் பெற்றவளுடையது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாய் திறப்பதற்குள் 'துரை எங்கம்மா, காட்டு' என்கிறாய். நானும் போனைத் திருப்பி அவன் கூண்டுக்கு நேரே பிடிக்கிறேன். அப்புறம் நீ பார்ப்பது அவன் கொண்டையை, நான் பார்ப்பது போனின் முதுகை. மகளோடு பேசினேன் என்று பெயர்தான், கை வலிக்க நின்றதுதான் மிச்சம். காகிதத்தில் அவன் குறுக்கே வர முடியாது என்று நினைத்து உட்கார்ந்தேன், அதற்குள் மேசைக்கு வந்து ஓரத்தைக் கடித்துவிட்டான். மேலே கிழிந்திருப்பது அவன் வேலை, தபால்காரரைத் திட்டாதே.

என் சங்கதி சொல்கிறேன். கண்ணாடிக் கடையில் எனக்கு இப்போது ஜன்னலோர மேசை கொடுத்திருக்கிறார்கள். ஃபிரேம் வளைத்து, மூக்குப் பட்டை சரிசெய்து, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று பார்த்து அனுப்புவது முழுக்க என் பொறுப்பு. முதலாளி யாரையும் வாய் விட்டுப் புகழ மாட்டார், என்னிடம் மட்டும் 'உங்க கை பட்டா திரும்பி வர்றதில்ல' என்றார். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். நீ கூப்பிட்டாய், துரை தும்மினான், பேச்சு அப்படியே அவன் மூக்குக்குப் போய்விட்டது. நானும் கண்ணாடி மாற்றியிருக்கிறேன், தெரியுமா. பழைய கறுப்புத் தடி ஃபிரேம் போய், மெல்லிய பழுப்பு ஃபிரேம். அதற்கப்புறம் எத்தனையோ தடவை போனில் என் முகம் உனக்குத் தெரிந்திருக்கும், ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் நாளே கவனித்தவன் துரைதான். கவனித்து, வந்து, கடித்துப் பார்த்தான். வலது பக்கத்தில் அவன் மூக்கு பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது, ஊருக்கெல்லாம் சரிசெய்து கொடுக்கிறவள் என்னுடையதை அப்படியே போட்டுக்கொண்டு அலைகிறேன்.

மனதில் வைத்துக்கொண்டு மூச்சு முட்டுவதைவிடக் கேட்டுவிடுவது நல்லது, கேட்கிறேன். போன மழைக்காலத்தில் பித்தப்பைக் கல்லுக்கு எனக்கு ஆபரேஷன் ஆனது. அப்போது உனக்கு லீவு கிடைக்கவில்லை. வேலை அப்படி என்றாய், நானும் சரி என்றேன், மனதாரத்தான் சொன்னேன். ஒரு ஜோடி மெத்துச் செருப்பு அனுப்பினாய், அதுதான் இப்போதும் காலில் இருக்கிறது. ஆனால் துரைக்கு வயிறு சரியில்லை என்றதும் உனக்கு லீவு எங்கிருந்து முளைத்தது? டிக்கெட்டே எடுத்துவிட்டாய். என் வயிற்றுக்குச் செருப்பு, அவன் வயிற்றுக்கு விமானமா என்று கேட்டேன். உன்னிடம் இல்லை, உன் அப்பாவிடம். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பறவையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று நீயும் சிரிப்பாய். சிரித்துக்கொள், ஆமாம், பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைத்து மினுக்க எனக்குத் தெரியாது.

உன் அப்பாவையும் விட்டுவிட முடியாது. லிஃப்ட் கம்பெனியில் இருந்த காலமெல்லாம் வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் 'ஞாயித்துக்கிழம பாக்கலாம்' என்பவர், துரைக்கு உடம்புக்கு வந்ததும் ஒரே மூச்சில் அவன் கூண்டுக்குச் சூடு பல்பு, அதைக் கூட்டக் குறைக்கத் திருகு, காற்று அடிக்காமல் மூன்று பக்கமும் அட்டை என்று செய்து முடித்துவிட்டார். காலையில் கூண்டுக்கு அடியில் வெள்ளைத் தாள் விரிப்பார், மறுநாள் அந்தத் தாளைக் கையில் ஏந்தி ஜன்னலுக்குக் கொண்டுபோய், நான் கடையிலிருந்து எழுத்துப் படிக்கக் கொண்டுவந்து வைத்த பூதக்கண்ணாடியால் அவன் எச்சத்தைப் பார்ப்பார். பச்சை எவ்வளவு, வெள்ளை எவ்வளவு, விதை முழுசாக வந்திருக்கிறதா என்று எனக்கு டீ குடிக்கும்போது விளக்கம் வேறு. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், விளம்பரம் வரைக்கும் விடாமல். இப்போது துரையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பாடுகிறார். பாடுகிறார் என்றால் வாய்க்குள் முணுமுணுப்பு இல்லை, வார்த்தையோடு, ராகத்தோடு. இவருக்குப் பாட வரும் என்பதே இத்தனை வருடம் கூட வாழ்ந்த எனக்குத் தெரியாது. சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதோ மூன்றாம் பக்கம். துரைக்கு ஏன் அப்படி ஆனது என்று உனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. வீட்டில் சிக்னல் சரியில்லை, கொஞ்ச நாள் கூப்பிடாதே என்று அப்பா மெசேஜ் போட்டாரே, அது பொய். நான் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்த பொய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நடந்தது இது. துரை மெலிந்து போகிறான், கிழவனாகிவிட்டான் என்று நான்தான் உன்னிடம் வாயை விட்டேன். அன்றிலிருந்து நீ அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தாய், காலையில் அப்பா போனில், சாயங்காலம் என் போனில், நடுவில் எப்போது தோன்றினாலும். துரை சும்மா உட்கார்ந்திருந்தால் 'சரிம்மா, அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிடுவாய். அவன் எதையாவது கொறித்தால் 'ஐயோ சாப்பிடுறான், இரு இரு' என்று அசையாமல் பார்ப்பாய். அவன் கொறிக்கும் நேரத்தில் உன்னிடம் இரண்டு வார்த்தை கேட்கலாம், சாப்பிட்டாயா, இருமல் போனதா, அந்த வீட்டுக்காரர் ஹீட்டரைச் சரிசெய்தாரா என்று. அப்போது நீ எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வாய். இது எனக்குப் பிடிபட்டுவிட்டது. என் கண்ணாடி உறையில் கொஞ்சம் சூரியகாந்தி விதை போட்டு வைத்துக்கொண்டேன். போன் அடித்ததும் உறையைத் திறப்பேன், அவன் பறந்து வருவான், நீ என்னோடு இருப்பாய். ஒரு விதை தீர்ந்தால் இன்னொன்று. அப்பாவுக்குத் தெரியாமல்தான் செய்தேன், அவருக்குத் தெரிந்தால் அவரும் செய்வார், அப்புறம் நீ அவரோடுதான் அதிகம் பேசுவாய் என்ற பயம்.

பயப்பட்டது வீண், அவர் எனக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். அவருடைய விதை சட்டைப் பையில்.

ஒருநாள் துரை கொண்டையைத் தூக்கவில்லை. தின்றதெல்லாம் தொண்டைக்குக் கீழே இருக்கும் பையில் அப்படியே தங்கிவிட்டது, கழுத்தை ஆட்டி ஆட்டிக் கக்கினான், இறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான். அட்டைப்பெட்டியில் வைத்துப் பறவை பார்க்கும் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். சின்னப் பெண்தான், உன் வயதுதான் இருக்கும். விரலால் அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்து 'பிசைஞ்ச மாவு மாதிரி கெட்டியா நிக்குது, வயசான பறவைக்கு இந்தப் பை மெதுவாத்தான் காலியாகும், காலியாகறதுக்கு முன்னாடி மேல மேல கொடுத்தா இப்படித்தான் ஆகும், ஒரு நாளைக்கு எத்தன தடவ கொடுக்கறீங்க' என்று கேட்டாள். காலையும் மாலையும் மட்டும் என்று அப்பா சொன்னார். காலையும் மாலையும் மட்டும் என்று நானும் சொன்னேன். அவள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து என் பைக்குள் போன் அடித்தது, கடையிலிருந்து யாரோ. துண்டுக்குள் உயிர் போகிற மாதிரி கிடந்தவன் தலையைத் தூக்கினான், கொண்டையை விரித்தான், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என் பையையே பார்த்தான். அப்பா சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார், திருடன் மாதிரி. டாக்டரம்மா என் பையையும் அவர் சட்டைப் பையையும் பார்த்தாள். அப்புறம் 'போன் அடிச்சா சாப்பாடா' என்று கேட்டாள். யார் கூப்பிடுவார்கள் என்று கேட்கவில்லை, அவளுக்கும் எங்கேயோ ஒரு அம்மா இருப்பாள்.

அதற்கப்புறம்தான் வீட்டில் போன்களின் வாயை அடைத்தோம், உனக்கு அந்தப் பொய்யைச் சொன்னோம். விதை கிடையாது. தானியத்தை வேகவைத்து மசித்துத் தண்ணீர் மாதிரிக் கரைத்து, கைச்சூட்டுக்கு ஆறவைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, பை காலியானால்தான் அடுத்தது. அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, அதனால் ஊட்டுவது நான், பாடுவது அவர். ஒரு மத்தியானம் அவர் மருந்து வாங்கப் போயிருந்தார், துரை என் கையில் கண்ணை மூடிக்கொண்டான், திறக்கவே இல்லை. அப்போது எனக்கு வந்த பயத்தை உனக்கு எப்படிச் சொல்வேன். அவன் போய்விடுவானே என்று அழுதேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. அவன் போய்விட்டால் இவள் எதற்குக் கூப்பிடுவாள் என்று நினைத்துத்தான் அழுதேன். அழுதுகொண்டே கட்டைவிரலால் கழுத்தை நீவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து என் வளையலைக் கொத்தினான். அன்றைக்கு மட்டும் எனக்கு அவன்மேல் பொறாமை இல்லை, மறுநாள் வந்துவிட்டது.

இப்போது துரை நன்றாக இருக்கிறான். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை, எடை ஏறிவிட்டது, எச்சம் ஒழுங்காக இருக்கிறது, பூதக்கண்ணாடிக்கு வேலை இல்லை. பக்கத்து வீட்டில் போன் அடித்தால்கூட வாயைத் திறந்துகொண்டு நம் சுவரைப் பார்க்கிறான், அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. போன வாரம் கடையிலிருந்து உன்னைக் கூப்பிட்டபோது நீ 'கடையிலிருந்தா பேசற, அப்போ துரை?' என்று கேட்டாய். இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறான் என்று சொன்னேன். அன்றைக்கே அவன் தேறிவிட்டான், காலையில்தான் என் கண்ணாடியை மறுபடியும் கடித்திருந்தான். தேறிவிட்டான் என்றால் நீ டிக்கெட்டை ரத்து செய்துவிடுவாயே என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். நேற்று அப்பா சொன்னார், 'அவளுக்கு எழுதிடு, கிளி நல்லாருக்கு, லீவ வீணாக்க வேணாம்னு.' நியாயமான மனிதர், எப்போதும் நியாயமாகத்தான் பேசுவார். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன், கிளி நன்றாக இருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன்.

டிக்கெட்டை ரத்து செய்யாதே. எனக்கு ஒன்றும் இல்லை, கல் எடுத்த இடம் ஆறிவிட்டது, முழங்கால்கூட இந்த மாதம் தகராறு செய்யவில்லை. உன்னை வரவைக்க ஒரு நோயைச் சொல்லலாம் என்று மேசையில் வெகுநேரம் யோசித்தேன், எதுவும் அகப்படவில்லை. துரையும் நன்றாக இருக்கிறான், நானும் நன்றாக இருக்கிறேன். யாருக்கும் ஒன்றும் இல்லாத வீட்டுக்கு ஒரு தடவை வா.

வந்தால் கதவைத் திறந்ததும் நேராகக் கூண்டுக்குப் போகக் கூடாது. அவனுக்குத் தின்ன எதுவும் வாங்கி வராதே, டாக்டரம்மா திட்டுவாள். கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே, இருமலை அலட்சியம் செய்யாதே, ஹீட்டரைச் சரிசெய்யும்வரை வாடகை தர மாட்டேன் என்று அந்த வீட்டுக்காரரிடம் கறாராகச் சொல். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் மனதில் நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும். அப்பா உனக்கு அன்பைச் சொல்லச் சொன்னார், துரை ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு மத்தியானம் இரண்டு பேரும் தூங்கும் நேரம், அப்போது என் போனில் கூப்பிடு. அடிக்காமல் வைத்துக் கையிலேயே பிடித்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
(பழுப்பு ஃபிரேம்)