யாரா ஆற்றில் தள்ளப்பட்டவள்

என் முன்னாள் கணவனுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. உன் ‘மெல்பர்ன் சூனியக்காரிகள்’ நாவல் தொடரின் ஏழாம் பாகத்தை இன்று மதிய இடைவேளையில் படித்து முடித்தேன். அதில் டிராம் ஓட்டும் சூனியக்காரி ஒருத்தி வருகிறாள். இடது புருவத்தில் தழும்பு, எப்போது பார்த்தாலும் கணவனைத் திருத்துகிற வாய். கடைசி அத்தியாயத்தில் அவளை அவன் யாரா ஆற்றில் தள்ளிக் கொன்றுவிடுகிறான்.

என்னைப் போலவே டிராம் ஓட்டும் ஷோனா அந்தக் கடைசிப் பக்கத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏண்டி, இது நீதானே! உன்னத் தூக்கி ஆத்துல போட்டுட்டானே அந்த ஆளு!”

“போடட்டும்டி. அவன் எழுதினத அவனே மறந்துட்டான்,” என்றேன்.

யார் எப்படிச் செத்தார்கள், எந்த மந்திரம் எங்கே பலிக்காது என்று முதல் ஆறு பாகங்களுக்கும் ஒரு நோட்டில் குறித்து வைத்தவள் நான். வீட்டைவிட்டுக் கிளம்பியபோது அந்த நோட்டையும் எடுத்து வந்தேன். நீ ஒருநாளும் அதைத் தேடவில்லை.

இரண்டாம் பாகத்தில் நீ வகுத்த விதி இது: ஓடும் தண்ணீரில் சூனியக்காரி சாகமாட்டாள். தள்ளியவனின் குரல்தான் போய்விடும்.

சனிக்கிழமை புத்தகக் கடையில் கையெழுத்துப் போட உட்காருவாய். அந்த விதியை மனப்பாடமாகச் சொல்லும் உன் வாசகர்கள் கூடியிருப்பார்கள். முதல் வரிசையில் நான் எழுந்து, அவள் எப்படிச் செத்தாள் என்று கேட்பேன். பதில் சொல்ல உனக்குக் குரல் வருகிறதா பார்ப்போம்.

இப்படிக்கு,
கரையேறிவிட்டவள்