படத்தில் கேட்காத குக்கர் சத்தம்

ஜூன் 6, வெள்ளி

ஆன்லைனில் விளையாடுகிறவர்களைப் பற்றி ஒரு இந்திப் படம் வந்திருக்கிறது. இன்று எங்கள் துப்பாக்கி ஆட்டத்தில் சுட்டதைவிடப் பேசியதுதான் அதிகம். சாகணிலிருந்து லீலா: "அக்கா, நம்மளப் பத்திப் படம்! ஞாயித்துக்கெழம இவரக் கூட்டிட்டுப் போகட்டா? பாத்தாருன்னா புரிஞ்சுக்கிடுவாரு." ஒரு மணி நேர விளையாட்டுக்கு அவள் கணவனிடம் வாங்கும் பேச்சு எனக்குத் தெரியும். கூட்டிப் போ என்றேன்.

தாபோடி ஜெபமணி அண்ணன், ரிட்டையராகப் போகும் ஃபேக்டரிக்காரர், சிரித்தார். "நம்மளப் பத்தி எடுத்தா இடைவேளை வரைக்கும் நெட் வராது. அப்புறம் நான் செத்துக் கெடப்பேன். எவன் பாப்பான்?"

இருவரையும் நேரில் பார்த்ததில்லை. போன் நம்பர்கூட இல்லை. பிழைக்க வந்த இந்த வடக்கத்தி ஊரில் நாள் முழுக்க இந்தியும் ஆங்கிலமும் பேசிக் களைத்த பிறகு, காதுக்கு இந்த இரண்டு குரல்கள்.

ஜூன் 8, ஞாயிறு

காலைக் காட்சிக்குத் தனியாகப் போனேன். கல்லூரிப் பிள்ளைகள் பயப்பட வேண்டிய இடங்களில் சிரித்தார்கள். இடைவேளைக்குப் பின் அவர்களில் பாதிப் பேர் இல்லை. குடும்பத்தோடு வந்தவர்கள்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் நீல வெளிச்சம், பெரிய அரங்கம், கைதட்டல். ஒரு காதில் இயர்போன், மறு காதில் குக்கர் விசில் என்று யாரும் விளையாடவில்லை. இரண்டாம் பாதியில், கூட விளையாடுகிறவன் இனிக்க இனிக்கப் பேசி, கல்யாணமான ஒருத்தியை வரவழைத்துக் கொல்கிறான்.

லீலா போவது மாலைக் காட்சி. ஆட்டத்துக்குள்ளேயே செய்தி போட்டேன்: "அவரைக் கூட்டிப் போகாதே."

பார்க்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

செய்தி படிக்கப்பட்டிருக்கிறது. பதில் இல்லை. படித்தது யார்?

ஜூன் 15, ஞாயிறு

லீலா பெயரில் பச்சை விளக்கு. அண்ணனும் நானும் ஓடிப்போய்ச் சேர்ந்தோம். அவள் பேசவில்லை. அண்ணன் குண்டடிபட்டு விழுந்தார். லீலா என்றால் தன் உயிரை விட்டாவது ஓடி வந்து தூக்குவாள். இந்த லீலா பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது, விளையாடுவது அவள் கணவன். அண்ணனுக்குப் புரியவில்லை. "எங்கம்மா போன இத்தன நாளா? நீ இல்லாம ஆட்டமே நல்லால்ல தாயி."

திரையில் எழுத்து வந்தது: "யாருல நீ? எங்க இருக்க?"

வெளியே வந்துவிட்டேன். அங்கே அவள் என்ன பாடு படுகிறாளோ — நான்தானே கூட்டிப் போகச் சொன்னேன்?

ஜூன் 16, திங்கள்

அண்ணன் இனி வர மாட்டாராம். "நான் தப்பா என்னம்மா சொன்னேன்?" என்று கேட்டார். நீங்கள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை அண்ணா.

ஜூலை 3, வியாழன்

தினமும் மாலையில் லீலாவின் பெயர் பச்சையாக எரிகிறது. நான் அழைப்பதில்லை. எங்களை மடக்கத்தான் காத்திருக்கிறான் என்று நினைத்தேன். இன்று கவனித்தேன் — அவள் பெயரில் லெவல் ஏறிக்கொண்டே போகிறது. நாங்கள் மூவரும் தொடாத இடத்துக்கு.

ஜூலை 20, ஞாயிறு

லீலா பெயரிலிருந்து அழைப்பு. கூட ஆட ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. என் மைக்கை அணைத்துவிட்டுச் சேர்ந்தேன். அவன் மைக் திறந்திருந்தது. நன்றாகத்தான் விளையாடுகிறான்.

பின்னால் எங்கோ லீலாவின் குரல், மெதுவாக. "சாப்பாடு எடுத்து வைக்கட்டா?"

"செத்த சும்மா இரி. ஆட்டம் ஓடுதுல்லா."

அப்புறம் குக்கர் விசில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.