நண்டுக் கோது கிடந்த பக்கம்

1991 பெப்ரவரி 9, தன்னாமுனை

பனிச்சங்கேணியில் நாங்கள் தோண்டிய ஆய்வுக்குழி இப்போது யாரோ பதுங்கிச் சுடும் பங்கராம். தொல்லியல் நாட்டுக்கு உதவாது என்று எவன் சொன்னான்?

அடுப்பு எங்கே, குப்பை எங்கே, படுக்கை எங்கே என்று செத்துப்போனவர்களின் வீட்டு மூலைகளைத் துருவுவதுதான் என் தொழில். விளங்காத மூலைக்கு "சடங்கு" என்று எழுதிவிடுவோம். எங்கள் பேராசிரியர் அப்படி எழுதித்தான் பேராசிரியர் ஆனார்.

பெப்ரவரி 11

அம்மா தம்பி யோசேப்புக்கு நினைவுப் பூசை கேட்கப் போகிறார். போன ஆனியில் சண்டைக்குப் பயந்து நாங்கள் பனிச்சங்கேணியிலிருந்து ஓடிவந்தபோது மாட்டை அவிழ்த்துவிட்டு வருவதாகச் சொல்லி நின்றவன். அன்றே வீடு எரிந்தது, அவன் வந்து சேரவில்லை.

"ஆத்துமம் அலையப்படாது, புள்ள."

பூசைக்குக் காசு எண்ணிக் கொடுத்தேன். நான்!

பெப்ரவரி 16

ஊர் வீட்டைப் பார்த்துவர இராணுவம் எங்களை ஒரு பகல் விட்டது. சோதனைச் சாவடியில் என் அளவுநாடாவை ஒருவன் முழுக்க இழுத்துப் பார்த்தான். உள்ளே குண்டு இருக்குமென்று நினைத்தானோ.

கூரை விழுந்து ஓடெல்லாம் தரையில். பழக்கதோஷம், மூலைகளைப் பார்த்தேன். தம்பி படுக்கிற அறையில் மூன்று கல், சாம்பல் — விழுந்த ஓட்டுக்கு மேலே. மேலே! எரிந்த பிறகு யாரோ சமைத்திருக்கிறார்கள். றோட்டுக்குப் புகை தெரியாத மூலை. ஒருவன் குந்தியிருக்க மட்டும் ஓடு விலக்கிய இடம். அதற்கு இடப்பக்கம் தின்று போட்ட நண்டுக் கோது குவியலாக. வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை.

"சோத்துக் கையால தின்னுடா" என்று தம்பியை அகப்பையால் அடித்தே அம்மாவுக்குக் கை ஓய்ந்தது. அவன் திருந்தவில்லை. மாதாவே, அவன் திருந்தவே இல்லை!

"அம்மா, இஞ்ச வாங்க."

பார்த்தார். அப்படியே ஓட்டின்மேல் குந்திவிட்டார்.

"சனியன், இன்னும் அந்தக் கையாலதான் தின்னுறான்."

பெப்ரவரி 17

பேராசிரியர் கேட்பார்: உலகத்தில் வேறு இடக்கையனே இல்லையா? இருக்கிறான் ஐயா, போங்கள்.

ஆனால் சாம்பல் ஆறிப்போன சாம்பல். அவன் இப்போது எங்கே என்று அது சொல்லாது. பயமாக இருக்கிறது.

அம்மா பூசையை நிறுத்திவிட்டார். பங்குச் சுவாமி காரணம் கேட்டாராம். "நண்டுக் கோது, சுவாமி" என்றாராம்.

ஒக்டோபர் 20, பனிச்சங்கேணி

திரும்பி வந்து கூரை போட்டாயிற்று. சமைக்கக் குசினியும் உண்டு. அம்மா மட்டும் தம்பியின் மூன்று கல்லில்தான் சமைக்கிறார். அந்த மூலை ஓடுகளை அள்ள விடவில்லை, இடப்பக்கத்தைக் கூட்டவும் விடுகிறதில்லை. நண்டு ஆக்கினால் முதல் கோப்பைச் சோற்றை அங்கே வைப்பார். அவன் இன்னும் வரவில்லை.

மூவாயிரம் ஆண்டு கழித்து ஒருவன் இதைத் தோண்டி, விளங்காமல், "சடங்கு" என்று எழுதுவான். எழுதட்டும். சரியாகத்தான் எழுதுவான்.